ஒரு பிள்ளையையும் விடாத வாத்தியார்

இரும்புக் கேட்டைச் சாவிக்கொத்தால் மூன்று தட்டு தட்டிவிட்டு ஜுமாதில் வாத்தியார் இரண்டு எட்டு பின்வாங்கி நிற்பார். நாய்க்காகத்தான். பிறகு கழுத்து நரம்பு புடைக்க ஒரு கூப்பாடு: "வீட்டுல யாரு? பிள்ளைங்கள எண்ண வந்திருக்கேன்!" கால்வாய்க்கு அந்தப் பக்கம் துணி அலசுகிற பெண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் நாற்பத்தாறு கேட்டு உள்ள மேலத்தெரு இப்படித்தான் அதிரும்.

ஆரம்பப் பள்ளி வாத்தியார் அவர். வயது ஐம்பத்தொன்பது. ஊரில் ஆண் வாத்தியார்கள் எல்லோருக்குமே 'அகாய்' என்றுதான் பெயர். இவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். பள்ளிக்கூடம் திறக்குமுன் ஒவ்வொரு வாத்தியாரும் தமக்கு ஒதுக்கிய தெருவில் வீடு வீடாகப் போய், பிறந்ததிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் பெயரையெல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற வாத்தியார்கள் கடைவாசலில் உட்கார்ந்தே இந்த வேலையை முடித்துவிடுவார்கள். இவர் நடப்பார். இருபத்தைந்து வருஷமாக அதே மேலத்தெரு, அதே நீல மை. பென்சிலைக் கையால் தொடமாட்டார். "பென்சில்ல எழுதின பிள்ளைய எவன் வேணா அழிச்சிடுவான்" என்பார்.

தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் விலக்குக் கிடையாது. "இவனையுமா எழுதறீங்க அகாய்? இன்னும் ஒரு பல்லு முளைக்கலியே!" என்று தாய்க்காரி சிரிப்பாள். "பல்லு முளைக்கறதுக்குள்ள பள்ளிக்கூடம் வந்து நின்னிடும், பாரு. பேரு சொல்லு" என்பார். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போன தகப்பன், அத்தை வீட்டில் விட்டுப்போன பிள்ளை, மலைமேய்ச்சலிலிருந்து இன்னும் இறங்காத குடும்பம், எதுவும் தப்பாது. மேய்ச்சல்காரர்களுக்குப் போன் போட்டு, சிக்னல் கிடைக்காமல், மலையே இறங்கி வந்துவிடும்போலக் கத்துவார்.

வாசல்வரை வந்தவரை ரொட்டி கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது ஊர் வழக்கம். எத்தனை அவசரமானாலும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் நகர வேண்டும். நாற்பத்தைந்து வீடு, நாற்பத்தைந்து துண்டு, பாதி வீடுகளில் வெண்ணெய், மீதியில் ஆப்ரிகாட் ஜாம். மூன்றாம் நாள் வயிறு கல்லாகிவிடும். "அகாய் எங்க பிள்ளைய எண்ணினாரா, ரொட்டிய எண்ணினாரா?" என்று கடைக்காரி கதிச்சா கேலி பண்ணுவாள். கோபம் வராது. "அரசாங்கம் பஸ்காசு தரல, ரொட்டியாவது கிடைக்குதே" என்று ஏப்பத்தோடு பதில் சொல்வார்.

அரசாங்கத்தைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு யாரும் சீக்கிரம் வீடு திரும்பியதில்லை. "சின்னப் பையனா இருந்த எங்கப்பாவைப் பள்ளிக்கூடத்துல போட இவங்க குதிரைமேல வந்து பிடிச்சாங்க, தெரியுமா? மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கார். தும்மிட்டார். தும்மின தும்மல்ல படிப்பாளியாயிட்டார்!" இதைச் சொல்லிவிட்டுத் தாமே முதலில் சிரிப்பார். அப்புறம் முகம் இறங்கும். பெரிய நாடு உடைந்து சின்ன நாடாகிப்போன காலத்தில் வகுப்பில் அடுப்பு எரிய நிலக்கரி வரவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு வரட்டியோடு பள்ளிக்கு வந்தார்கள். மைக்கூடு உறைந்தது. நிலக்கரி அனுப்ப மறந்த அரசாங்கம் படிவம் அனுப்ப மட்டும் ஒரு வருஷமும் மறக்கவில்லை. அந்தப் படிவத்தை நிரப்பியவர்களில் முதல் ஆள் தாம்தான் என்று மார்தட்டிக்கொள்வார். "என் தெருவுல ஒரு பிள்ளையக்கூட விட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு கூட!"

மார் தட்டுகிறவர் நாற்பத்தாறில் நாற்பத்தைந்து கேட்டைத்தான் தட்டுகிறார் என்பதை ஊர் கவனிக்காமல் இருக்குமா? தெருக்கோடியில் நீலக் கேட்டு வீடு. அது வருமுன்னே மனிதர் பலகைப் பாலத்தைத் தாண்டிக் கால்வாயின் அந்தக் கரைக்குப் போய்விடுவார். "அந்த வீட்டு நாய் பொல்லாதது" என்பார். அந்த வீட்டு நாய் செத்துப் பத்து வருஷமாகிறது.

நாய் அல்ல காரணம். காரணத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்காரி அசில்கானின் மகள் புருலுக்கு ஏழு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைத் தின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், ஆனால் வாத்தியார் கையிலிருந்த பேனாவை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். காது கேளாத பிள்ளைகளுக்கு நகரத்தில் விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. அதில் சேர்க்க மாவட்டத் தலைநகரில் டாக்டர்கள் கமிஷன்முன் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும், நாலைந்து தடவை அலைய வேண்டும். அப்போது குளிர்காலத்துக்கான புல் அறுப்பு வேறு. ஜுமாதிலுக்கு இரண்டு மாடு, ஒரு குதிரை.

தலைமை வாத்தியாருக்கோ நூறு சதவீதம் வேண்டும். அந்த நாளில் அந்த வார்த்தைக்கு இருந்த மவுசு கொஞ்சமா! தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றாலும் நூறு கெட்டுப்போகும். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'கல்வி பயிலத் தகுதியற்றவர்'. அதில் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எண்ணிக்கையிலேயே வராது. "போட்டுத் தொலைங்க ஜுமாதில், யாரு வந்து பாக்கப்போறா" என்றார் தலைமை வாத்தியார். ஜுமாதில் போட்டார். நீல மையில், அழகான கையெழுத்தில்.

அதோடு விட்டாரா? அசில்கான் கேட்டபோது, "கமிஷன்ல பேப்பரப் பாத்து முடிவு பண்ணிட்டாங்க தங்கச்சி. இவளுக்குப் படிப்பு ஏறாதாம். அரசாங்க முடிவு" என்றார். படிக்காத தாய் அவள். அரசாங்கம் சொன்னால் அதற்குமேல் யார்? இத்தனை தூரம் அலைந்தாரே என்று உருக்கிய வெண்ணெய் ஒரு ஜாடி கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் அந்த வெண்ணெயைத்தான் தடவிச் சாப்பிட்டார்கள்.

புருல் பதினெட்டு வயதில் நகரத்துக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் அப்புறம் பிள்ளையே இல்லை. தட்டாமல் போவதற்கு ஒரு நியாயமாவது கிடைத்தது. இந்த ஆகஸ்டில் அந்த நியாயமும் போயிற்று.

"புருல் வந்துட்டா, தெரியுமா அகாய்?" என்றாள் கதிச்சா, சர்க்கரை நிறுத்துக்கொண்டே. "தையல் மெஷின், மக, எல்லாத்தோடயும். மகளுக்கு ஆறு வயசு முடிஞ்சிடுச்சு. அய்பெரின்னு பேரு, வாயாடி. உங்க லிஸ்டுல ஏத்தியாச்சா?"

"பாக்கறேன்."

"பாக்கறேன்னா? புருல் பள்ளிக்கூடத்துப் பக்கம் கால் வைக்கமாட்டாளாம். 'என்னைத் தேடி வரல, என் மகளயாவது வந்து கூப்பிடட்டும்'னு உக்காந்திருக்கா. நீங்க போகலைன்னா அந்தப் பிள்ள வீட்டோடதான். இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பு உங்களோடதுதானே?"

சர்க்கரையை மறந்து கடையிலேயே வைத்துவிட்டு நடந்தார். மூன்று நாளில் நாற்பத்தைந்து வீடும் முடிந்தது. நாலாம் நாள் பட்டியலைக் கொடுக்க வேண்டும். காலையில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, கடைசி வரிசையில் அய்பெரி என்று எழுதி, எதிரே 'நகரத்தில் படிக்கிறாள்' என்று எழுதினார். ஒரு சின்னப் பொய். இந்த மாதிரிப் பொய்க்கு அவருடைய கை பழகின கைதான்.

"தாத்தா!"

அக்கரையிலிருந்து ஒரு பெண் குழந்தை. காலில் அம்மாவின் செருப்பு, கையில் பாதி தின்ற ஆப்பிள்.

"நீங்கதான் பேரு எழுதறவரா?"

"ம்."

"எல்லா வீட்டுக்கும் போனீங்க. எங்க வீட்டுக்கு ஏன் வரல? எங்கம்மா நாலு நாளா டீ போட்டுப் போட்டு ஆறிப்போகுது."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். விழுங்கவில்லை. எழுதிய வரியைக் குறுக்கே அடித்தார். பலகைப் பாலத்தைத் தாண்டினார். நீலக் கேட்டு முன்னால் சாவிக்கொத்தை எடுத்தவருக்குத் தட்டக் கை வரவில்லை, கூப்பாடும் வரவில்லை. குழந்தைதான் கேட்டைத் தள்ளித் திறந்து, "வந்துட்டார்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

அசில்கான் பதறி எழுந்தாள். "வாங்க வாங்க அகாய், எங்க வீட்டுக்கு வழி மறந்துபோச்சோன்னு இருந்தேன்!" மெத்தை விரித்து, ரொட்டி வைத்து, டீ ஊற்றினாள். புருல் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் சதை நிறத்தில் காது கேட்கிற கருவி. பேச்சு கொஞ்சம் மழுங்கல், ஆனால் ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை.

"குடுங்க, பாக்கறேன்" என்று படிவத்தை வாங்கினாள். வரிக்கு அடியில் விரல் வைத்து வாசித்தாள். ஜுமாதில் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்க எங்க கத்துக்கிட்ட?" அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"தையல் கூடத்துல. பக்கத்து மெஷின்காரி சொல்லிக்குடுத்தா. டீ குடிக்கற நேரத்துல. நாலு மாசம்."

நாலு மாசம்! முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு முகம் எரிந்தது. விரல் ஒரு கட்டத்தில் வந்து நின்றது. "இந்தக் கட்டம் இன்னும் இருக்கே. என்னை எழுதினது இதுலதானே?"

"ம்."

"என்னைப் பாத்தது யாரு? எனக்கு எந்த டாக்டர் முகமும் ஞாபகம் இல்ல."

ஜுமாதில் வாயைத் திறக்குமுன் அசில்கான் குறுக்கே விழுந்தாள். "என்னடி பேச்சு இது, வீட்டுக்கு வந்தவர்கிட்ட! கமிஷன்ல பேப்பர் பாத்தாங்க. உனக்காக அந்த மனுஷன் எவ்வளவு அலைஞ்சிருக்கார்! புல் அறுப்பு நேரம், பாவம், எல்லாத்தையும் போட்டுட்டுப் போனார். நன்றியில்லாமப் பேசாத."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். அந்த 'பாவம்' அவரால் தாங்கமுடியவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கூனிக் குறுகிப்போய் அவர் பேசிய குரலை மேலத்தெருவில் யாரும் கேட்டதில்லை.

"அலையல, அசில்கான். நான் போகவே இல்ல."

"எங்க போகல?"

"கமிஷனுக்கு. பேப்பரும் அனுப்பல. உன் மகள யாரும் பாக்கல. புல் அறுத்துக்கிட்டு இருந்தேன். நூறு சதவீதம் வரணும்னு நான்தான் எழுதினேன். அரசாங்கம்னு உன்கிட்ட சொன்னேனே, அது நான்தான்."

கெண்டியின் மூக்கிலிருந்து டீ சொட்டிக்கொண்டே இருந்தது. அசில்கான் அதை நிமிர்த்தவில்லை.

"இவ அண்ணன் புத்தகத்த எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவாளே" என்றாள், யாரிடமும் இல்லாமல். "தினம் உக்காருவா. 'அரசாங்கம் வேணாம்னிருக்கு, தலைக்குக் கெடுதல்'னு நான் பிடுங்குவேன். ஒரு தடவ கைமேலயே அடிச்சேன். அழுதுகிட்டே திரும்ப எடுத்தா. திரும்ப அடிச்சேன், அகாய். என் கையால அடிச்சேன்."

புருல் தாயின் கையிலிருந்து கெண்டியை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். பிறகு வாத்தியாரின் சட்டைப்பையிலிருந்து பேனாவைத் தானே எடுத்தாள். அடித்திருந்த வரிக்குக் கீழே மகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினாள். எழுத்து கோணல், பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

"அனுப்பறேன்" என்றாள். "உங்க வகுப்புக்குத்தான். ஊர்ல வேற பள்ளிக்கூடம் இருந்தா அனுப்பமாட்டேன். இல்லியே."

"தங்கமாப் பாத்துக்கறேன் அம்மா."

"எல்லாப் பிள்ளையையும் பாக்கற மாதிரி பாருங்க. போதும்."

அய்பெரி கதவோரம் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தாள். படிவத்தை மடிக்க வேண்டியதுதான், எழுந்து போக வேண்டியதுதான். ஆனால் ஜுமாதிலுக்குப் போக மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் நெஞ்சை முட்டின. அடுப்பெரியாத வகுப்பு, நெருக்கிய தலைமை வாத்தியார், இரண்டு பஸ், வீட்டில் சின்னக் குழந்தைகள், எல்லாம் வரிசையாக நின்றன. முழங்காலில் கை ஊன்றி அவள் பக்கம் சாய்ந்தார்.

"புருல், அன்னிக்கு நிலைமை எப்படி இருந்ததுன்னா..."

அவள் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கருவியைக் கழற்றினாள். அதை அவருக்கு முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, மெஷினுக்குப் போய் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.