கொண்டைக்குள் இருந்த வெல்லம்

உடம்புக்கு உணவு முக்கியமா, உடற்பயிற்சி முக்கியமா என்று கேட்டால், உடற்பயிற்சிதான் என்று அடித்துச் சொல்லி வந்தவன் நான். தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, நீரிழிவுக்காரன். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு அரசு போரிட்ட அவசரகாலத்தில் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முள்வேலிக்குள் குடியிருந்தோம். அவர்கள் கைக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே எந்த உணவும் கொண்டுபோகக் கூடாது.

ஒருநாள் காலை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, நடந்தாலே போதும் என்று பசியாறாமல் கிளம்பினேன். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட வைத்திருந்த சீனிப் பொட்டலத்தை வேலிக் கேட்டில் காவலர் பிடுங்கிக்கொண்டார்.

"அது மருந்துப்பா!"

"காட்டுல இருக்கிறவனோட டீக்குப் போயிரும் லா, பெரியவரே."

வீம்பாக நடந்தேன். ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டே நடப்பது என் வழக்கம். அன்று நாற்பதுக்கு அடுத்த எண் நினைவுக்கு வரவில்லை. சட்டை வியர்வையில் நனைந்தது. கைகால் நடுங்கி விழுந்தேன். பக்கத்தில் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலை ஓடி வந்தாள்.

"சீனி இருக்கா? செத்துடுவேன்மா," என்று கெஞ்சினேன்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். துணியில் சுற்றியிருந்த வெல்லத்துண்டை என் வாயில் திணித்தாள். தன் பசிக்காக அவள் ஒளித்துக் கொண்டுவந்தது, பிடிபட்டால் சிறை.

"முழுங்குங்க கிராணியையா. கேட்டுல மூச்சு விட்றாதீங்க, எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

எங்கள் பகுதியில் அந்தத் தடை நீங்கிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். இப்போதும் நடக்கிறேன், ஆனால் பசியாறிய பிறகுதான். பையில் இரண்டு வெல்லத்துண்டுகள் இருக்கும். அஞ்சலை பால் வெட்டும் மர நிரையைத் தாண்டும்போது ஒன்றுதான் மிஞ்சும்.