ஐம்பது கே.பி.க்குள் எட்டுப் பேர்

இடப்பக்கம் முதலில் முனுசாமி மேஸ்திரி. சட்டையை இன் செய்திருக்கிறார், அன்றைக்கு ஒரு நாள்தான் அப்படி. அவர் தலைக்கு மேலே கம்பெனி போர்டு. அடுத்து தாமஸ். அடுத்து ஷபீர், கேமராவை வாடகைக்கு எடுத்துவந்தவன். ஏழுமலை. கண்ணை மூடிவிட்ட தேவராஜ். சிரிக்கவே சிரிக்காத சீனு. கடைசியில் நான். என் வலத்தோளில் ஒரு கை.

படத்துக்கு அடியில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. எண்ணினால் ஏழு முகம்தான்.

எட்டாவது பெயர் டில்லி. போன வாரம் அவன் மகள் போன் செய்தாள்.

"மாமா, நான் ரேவதி. டில்லி பொண்ணு. நெட்ல அந்தப் போட்டோ பார்த்தேன். நைனா பேரு கீது, ஆளக் காணோமே?"

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மேடையில் அப்பா படத்துக்கு மாலை போட வேண்டும் என்கிறாள். டில்லி எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போனபோது அவளுக்கு இரண்டு வயது. முகம் ஞாபகமில்லை. அடுத்த கோடையில் குடிசை எரிந்ததில் கல்யாண ஆல்பம், கார்டு எல்லாம் போய்விட்டன.

"முழுப் போட்டோ உங்களாண்ட இருக்கும்னு அம்மா சொல்லுச்சு. நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களாமே மாமா."

ஏற்றியது நான்தான். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பார்க்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பில் வெல்லப்பாகு கருகிவிட்டது. அந்த வாசனை வந்தால் எனக்குக் கம்பெனிதான். திருவொற்றியூரில் இரும்பு வார்க்கிற கம்பெனி. மணலில் பாகு கலந்து அச்சு பிடித்துச் சூளையில் வேகவைப்போம். வேர்வையில்கூட அந்த வாசனை இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர்கள் பலகாரக் கடைக்காரன் என்று நினைப்பார்கள். நானும் இல்லையென்று சொன்னதில்லை.

அச்சுப் பெட்டியை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் டில்லியும் தூக்குவோம். ஒருமுறை என் பக்கம் வழுக்கியது. அவன் மோதிர விரல் பாதி போயிற்று. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசவில்லை.

கம்பெனி மூடிய அன்று கேட்டில் நின்று எடுத்த படம் அது. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிண்ட்தான் போட்டோம். நெகட்டிவை யாரும் வாங்கி வைக்கவில்லை. காலடிப்பேட்டையில் மேஸ்திரி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது.

பிறகு எனக்குக் கல்மண்டபத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்தது. கூட்டுவது, டீ வாங்குவது, கம்ப்யூட்டரை ஆன் செய்வது. எட்டாவது படித்தவனுக்கு அது பெரிய வேலை. ஓனர் பாய் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஸ்கேன் பண்ணவும் கற்றுக்கொண்டேன். அதற்குள் தலைகால் புரியவில்லை எனக்கு.

அப்போது எங்கள் பழைய இன்ஜினியர் ஒருவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, மூடிப்போன கம்பெனி ஆட்களின் படங்களை நெட்டில் சேர்க்க ஆரம்பித்தார். படம் ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று மெயிலில் எழுதியிருந்தார். மேஸ்திரி படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே தாமஸும் ஷபீரும் டில்லியும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

ஸ்கேன் செய்தால் படம் ஐம்பதுக்கு எங்கேயோ மேலே நின்றது. அளவைக் குறைத்தேன்.

"இன்னாடா இது, மூஞ்சி எள்ளு கணக்கா கீது?" என்றான் ஷபீர்.

பெரிதாக்கினால் கே.பி. ஏறுகிறது. ஓரத்தை வெட்டினால்தான் வழி என்று நினைத்தேன்.

"இந்தப் பக்கம் போர்டை வெட்டிடவா?"

மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "போர்டு போனா எந்தக் கம்பெனின்னு எவனுக்குத் தெரியும்? இருபது வருசம் அதுக்குக் கீழ நுழைஞ்சவன்டா நானு."

என் நாற்காலிக்குப் பின்னால் ஓரமாக டில்லி நின்றிருந்தான். படத்திலும் போர்டுக்கு மறு ஓரம் அவன்தான். அவனே பேசினான்.

"என்னை வெட்டு மாமு. கம்பெனியே கழட்டி வுட்டுட்டான், நீ கழட்டுனா இன்னா? பேரை மட்டும் போட்டுரு."

தாமஸ் சிரித்தான். நானும் சிரித்தேன். வெட்டினேன். என் இடத்தோளும் பாதி போயிற்று. டில்லியின் கை என் கழுத்துக்குப் பின்னால் சுற்றி வந்திருந்ததால் அதை மட்டும் எடுக்க முடியவில்லை. நாற்பத்தெட்டு கே.பி. வந்தது. சேவ் கொடுத்தேன்.

அன்று படம் ஏறி முடிய வெகுநேரம் ஆயிற்று. எல்லோரும் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டில்லி எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான்.

"ஒரிஜினலத் தனியா வெச்சுக்கினியா?" என்று பாய் பிறகு கேட்டார்.

"ஒரிஜினல்னா இன்னா பாய்?"

பழையதன் மேலேயே புதியதை சேவ் செய்திருந்தேன். பிரிண்ட் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். ஒரு மழைக்கு மேஸ்திரி வீட்டில் தண்ணீர் வந்து, பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது வெள்ளைத் தாள்தான் வந்தது.

படம் ஏற்றிய இரண்டாம் மாதம் ஒரு காலேஜ் பெண் சென்டருக்கு வந்தாள். தன் வகுப்புப் படத்தை வேறு ஏதோ ஒரு புரோகிராமில் திறந்தாள். திரையில் ஒரு கோட்டின் மேலிருந்த குமிழைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினாள். கே.பி. மளமளவென்று இறங்கியது. படம் அதே அளவு. ஐம்பது பேர் இருப்பார்கள், ஒருவரையும் வெட்டவில்லை. டீ கிளாஸோடு அவள் பின்னால் நின்று பார்த்தேன். டில்லி அப்போது உயிரோடுதான் இருந்தான். அவனிடம் சொல்லவில்லை.

ரேவதிக்கு நேற்று போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். விரலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என் தோளில் இருப்பது உன் அப்பா கை, அவ்வளவுதான் இருக்கிறது என்றேன்.

"கையி இன்னாத்துக்கு மாமா ஆவும்?" என்று வைத்துவிட்டாள்.

கம்பெனி இருந்த இடம் இப்போது கண்டெய்னர் யார்டு. பிரவுசிங் சென்டர் செல்போன் கடையாகிவிட்டது. மேஸ்திரியும் இல்லை. அந்த போர்டை அவர் கண்ணெதிரிலேயே காயலான் கடைக்குத் தூக்கிப்போனார்கள்.

இன்று காலை ரேவதி போன் செய்தாள்.

"அம்மாகிட்ட காட்டுனேன் மாமா. பெருசு பண்ணி வெரலப் பார்த்துச்சு. அதான், அதான்னு சொல்லி அழுவுது. அதையே பிரேம் போடச் சொல்லுது."

பின்னாலேயே ஒரு படம் அனுப்பினாள். என்னையும் மற்றவர்களையும் வெட்டிவிட்டு, கையை மட்டும் வைத்திருந்தாள். பழக்கம் விடவில்லை, அளவைப் பார்த்தேன்.

மூன்று கே.பி.