மரத்தில் கட்டிய மஞ்சப்பை

சுரண்டையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வீரகேரளம்புதூர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அஸ்தி கொண்டு போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊரைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது, அதனால் கஷ்டமாக இல்லை. கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் வாய் கட்டிய மண்கலயம். கலயத்துக்குள் அப்பா.

முந்தின நாள்தான் எரித்தோம். காலையில் பால் ஊற்றி எலும்பு பொறுக்கினார்கள். எங்கள் ஊர் வழியாகச் சிற்றாறு போகிறது, ஆனால் பங்குனியில் அதில் மணலும் கருவேலமும்தான். அண்ணனுக்குச் சர்க்கரையில் காலில் புண், பஸ் ஏறி இறங்க முடியாது. அதனால் கலயம் என் கைக்கு வந்தது.

"குத்தாலத்துல கசியுத தண்ணியிலயாவது கரைச்சிட்டு வா," என்றான் அண்ணன். "வராட்டாலும் சரி, கரைச்சிட்டுப் போ. உன்னைய இங்க எவன் தேடுதான்?"

தெருமுனை வரை நொண்டிக்கொண்டே கூட வந்தான். அங்கே குரலைத் தாழ்த்தி, "அங்கன இருக்கவகிட்டப் போகாத. அவளுக்குச் சொல்லாண்டாம்," என்றான்.

சரி என்றேன். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு நகர்கிறவன் நான்.

அங்கன இருக்கவள் எங்கள் அக்கா. அண்ணனுக்கு இளையவள், எனக்கு மூத்தவள். அவளாகப் பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அப்பா வாசலில் நின்று, இனி இந்தப் படி ஏறக் கூடாது என்று சொன்னார். கட்டிக்கொண்டவன் சில வருஷம் இருந்தான். பிறகு லாரியோடு செங்கோட்டை தாண்டிப் போனவன் வரவில்லை. அக்கா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். போர் போடும் லாரி, செங்கல் சூளை, கேரளத்து ஓட்டல்கள் என்று அலைந்துகொண்டிருந்தேன். என்னிடம் மட்டும் அவள் போனில் பேசுவாள். சீசன் நேரத்தில் அந்த வழியாக வந்தால் எட்டிப் பார்ப்பேன். அவளுக்கு நின்று பேச நேரம் இருக்காது.

சுரண்டையில் தென்காசி பஸ் கிடைத்தது. கண்டக்டர் பையை மேலே வைக்கச் சொன்னார்.

"மடியிலயே வச்சுக்கிடுதேன்."

"என்னது, முட்டையா?"

"ஆமா," என்றேன்.

"அப்ப ஜன்னல் பக்கம் உக்காரு. ரோடு கெடக்கிற கெடப்புல ஆம்லேட் ஆயிரும்."

முன்சீட்டில் இருந்த பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தென்காசியில் பஸ் மாறிக் குற்றாலத்தில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சீசனில் தோளோடு தோள் இடிக்கிற தெரு. இப்போது கடைகளெல்லாம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. எண்ணெய் தேய்க்கிறவர்கள் உட்காரும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. மலை மட்டும் பச்சையாக இருந்தது. அருவி இருக்கவேண்டிய இடத்தில் பாறை கறுத்துக் கிடந்தது. ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. அதன் எதிர்ச்சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து டீ குடிக்கிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. விலா எலும்பு தெரிந்தது.

"அருவிக்கா வந்த?" என்றார் கடைக்காரர்.

"ஆமா அண்ணாச்சி."

"அருவி லீவுல போயிருக்கு. ஆனி பொறந்து வா."

டீயைக் குடித்துவிட்டு யோசித்தேன். அருவிக்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. கரைத்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி, ராத்திரி ரயிலில் கொல்லம் போயிருக்கலாம். அண்ணன் சொன்னதும் அதுதான். ஆனால் அரை மைல் தூரத்தில் பிள்ளை ஒருத்தி இருக்க, அவளுக்குத் தெரியாமல் அப்பாவைத் தண்ணீரில் விட மனசு வரவில்லை. ஐந்தருவி போகும் ரோட்டில் நடந்தேன்.

அஸ்தியை ஒரு வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. மரத்தில் கட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். லாட்ஜின் பின்பக்கம் போய், மாமரத்துக் கிளையில் பையை இறுக்கிக் கட்டினேன். சீசனில் மட்டும் அந்த ஊரைப் பார்த்தவன் செய்கிற தப்பு அது. சீசனில் குரங்குக்கு ஆயிரம் கை தீனி போடும். பங்குனியில் ஒரு மஞ்சப்பை மரத்தில் தொங்கினால் அது பழமோ தேங்காயோ என்றுதான் நினைக்கும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

அக்கா முன்பக்கம் மெத்தைகளை வெயிலில் நிறுத்திக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். நைட்டிக்கு மேல் துண்டு. என்னைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டாள்.

"ஏலே! நீ எங்க இங்கன? வேல போச்சா?"

"இல்லக்கா."

"அப்ப சம்பளம் தரலியா?"

"சும்மாத்தான் வந்தேன்."

"சும்மா வந்த மூஞ்சியப் பாரு. சுவத்துல ஒக்காந்திருக்கு பாரு, அதுக்கும் உனக்கும் வால்தான் வித்தியாசம். வா, சோறு ஆக்கியாச்சு."

எங்கள் பக்கம் கொள்ளி வைக்கிறவனுக்கு மட்டும்தான் மொட்டை. நான் முடியோடு இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாவுச் செய்தியை ஆள் சாப்பிட்ட பிறகுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டால் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. அவள் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தீட்டில் இருக்கிறவன் அதைத் தொடக் கூடாது. தொடவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது. இரண்டாவது தடவையும் ஊற்றினாள்.

"லாட்ஜுல ஆளே இல்லலே," என்றாள். "நேத்து ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாவ, மதுரையில இருந்து. ரூமத் தொறந்து விட்டேன். அருவியில தண்ணி இல்லன்னு அந்தப் பிள்ள அழுவுது. அவன் மேனேஜரப் போட்டு ஏசுதான், என்னமோ இவருதான் கொழாய மூடி வச்சிருக்க மாரி."

சிரித்தாள். பிறகு வழக்கமாகப் போனில் கேட்பதைக் கேட்டாள்.

"அப்பாவுக்கு எளப்பு எப்படி இருக்கு?"

"இப்ப எளப்பு இல்லக்கா," என்றேன்.

அதில் பொய் இல்லை. அவள் முகம் தெளிந்தது.

"வரப்போற சீசன் முடிஞ்சதும் ஒரு தடவ போயி வாசல்ல நிக்கப் போறேன்லே. உள்ள கூப்பிட்டா போவேன். வெரட்டுனா பஸ் ஏறிருவேன். வயசாயிட்டுல்லா? முன்ன மாரி வெரட்ட மாட்டாருன்னு தோணுது."

தண்ணீர் குடித்தேன். அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. முடிக்கட்டும் என்றிருந்தேன்.

அவள் முடித்துக் கை கழுவினாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அப்போது பின்பக்கம் தகரக் கூரையில் தடதடவென்று சத்தம். ஏதோ உடைந்தது.

"சனியன் புடிச்சதுவ!" என்று அக்கா வாரியலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். குரங்குகள் மரத்தில் உச்சிக்குப் போயிருந்தன. ஒன்றின் கையில் கிழிந்த மஞ்சப்பை. கீழே சிமென்ட் தரையில் கலயம் ஓடு ஓடாகச் சிதறிக் கிடந்தது. அக்கா குனிந்து சாம்பலை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் வருகிறேன் என்று தெரிந்து, திரும்பாமலே பேசினாள்.

"எவனோ அடுப்புச் சாம்பலக் கொண்டாந்து மரத்துல கட்டியிருக்கான் பாருலே. கூறு கெட்டவன்."

"அக்கா, கூட்டாத."

"ஏம்லே? மேனேஜர் பாத்தா என்னையத்தான ஏசுவாரு?"

"கூட்டாதக்கா. அது அப்பா."

"எந்த அப்பா?" என்றாள்.

அவள் தரையைப் பார்த்தாள். வாரியல் நுனியில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. பிறகு கலயத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். வாரியலை மெதுவாக, சத்தம் வராமல் தள்ளி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"முந்தாநாள் ராத்திரி. நேத்து எடுத்தாச்சு."

"நான் கருவாடு ஊத்துனேன். நீ தின்ன."

"நீ சாப்பிட்ட பெறவு சொல்லலாம்னு இருந்தேன்."

"வாரியல வச்சுக் கூட்டிட்டேனேலே," என்றாள். அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு முதுகு குலுங்க அழுதாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. குரங்குகள் பையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டன.

பிறகு எழுந்து போய் வெளுத்த தலையணை உறை ஒன்றை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து விரலால் வழித்து வழித்து அதற்குள் போட்டோம். சிமென்ட்டில் விரிசல் இருந்த இடத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதை அவள் ஈர விரலால் ஒற்றி எடுத்தாள். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவர் கையில் இருந்த போனில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"அந்த ஒறைய திரும்பக் கொண்டாராண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உறையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் நடந்தாள். நான் பக்கத்தில். ரோட்டில் யாரும் இல்லை. பாதி வழியில் கேட்டாள்.

"என்னைய தேடுனாராலே?"

"தெரியாதுக்கா. நான் காயங்குளத்துல மாவு பெசஞ்சிட்டு இருந்தேன். வந்து சேரும்போது வாயக் கட்டிட்டாவ."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"உனக்குச் சொல்லாண்டாம்னான்."

நின்றுவிட்டாள்.

"அது அண்ணன் சொன்னதா? அப்பா சொல்லிட்டுப் போனதா?"

அண்ணன் சொன்னதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைசியில் உன் பேரைத்தான் சொன்னாராம் என்றுகூடச் சொல்லலாம், யார் வந்து இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? எத்தனையோ முதலாளிகளிடம் எத்தனையோ பொய் சொன்னவன் நான். அவள் கையில் அந்த உறை இருந்தது. வாய் வரவில்லை.

"தெரியாதுக்கா," என்றேன் மறுபடியும்.

பேரருவியில் பெண்கள் பக்கம் மட்டும் பாறை ஓரமாக ஒரு கயிறு தடிமனுக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விசில் ஊதுகிற போலீஸ் இல்லை, அடித்துப் பிடித்து நுழைகிற கூட்டம் இல்லை. அஸ்தியைக் கரைக்கவேண்டியவன் நான். அவள் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளே இறங்கி உறையைக் கவிழ்த்தாள். தண்ணீருக்கு இழுத்துப் போகிற வேகம் இல்லை. சாம்பல் பாசியில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றித் தள்ளினாள். கொஞ்சம் நகரும், அடுத்த கல்லில் நிற்கும். மறுபடி அள்ளி ஊற்றுவாள். நெடுநேரம் அதைச் செய்தாள்.

"ஆனியில தண்ணி வந்தா இந்தச் சிற்றாறு எங்கலே போவும்?" என்றாள்.

"நம்ம ஊருக்குத்தான்."

"பாரு. கொண்டாந்து விட்டாலும் அவரு வீட்டுக்கே போயிருதாரு. என்னையத்தான் விடல."

பிறகு பாறையோடு முதுகை ஒட்டி நின்று அந்தக் கயிற்றுத் தண்ணீரில் தலையைக் காட்டினாள். இத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் அருவியில் குளித்தது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ என்று சொன்னாள். தண்ணீர் வருகிற மாதங்களில் அவளுக்கு வேலை இருக்கும்.

ஈரத்தோடு திரும்பி வந்து நேராக மேனேஜரிடம் போனாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஊருக்குப் போறேன்."

"கரைச்சாச்சுல்லா? இன்னும் என்ன?"

"ஒண்ணு கேக்கணும்."

"யார்கிட்ட?"

"அண்ணன்கிட்ட."

"போன்ல கேக்க வேண்டியதான?"

"போன்ல கேட்டா வச்சிருவான். நேர்ல போயி நின்னா பதில் சொல்லித்தான ஆவணும்?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நீ போயிட்டா வேலைக்கு? தொட்டி கழுவணும், மெத்த கெடக்கு, சுண்ணாம்பு அடிக்க ஆளு வரப் போறான். வேற ஆளப் போட்டா பெறவு எடமில்லன்னு என்னையச் சொல்லக் கூடாது."

"இவன் செய்வான்."

"இவனா? நாளைக்குக் காலையில இங்க இருப்பானா இவன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் வார வரைக்கும் இருப்பியாலே?"

கொல்லத்துக்கு ராத்திரி ரயில் இருந்தது. இருப்பேன் என்றேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போனாள். இருந்ததில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள், பூ வைக்கவில்லை. பஸ்ஸில் ஏறியபிறகு ஜன்னல் வழியாக, "சோத்துப் பானைய மூடி வையி, கொரங்கு வரும்," என்றாள். அண்ணன் அவளுக்கு என்ன பதில் சொன்னான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

லாட்ஜுக்குத் திரும்பியபோது மேனேஜர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நான் வந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம். ஒரு இரும்புச் சுரண்டியும் வாளியும் கொடுத்து மாடியைக் காட்டினார். ஏணியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளினேன். உள்ளே தண்ணீர் வற்றி, அடியில் சேறும் பாசியும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே இறங்கினேன். ஒரு மூலையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன்.