மூன்றாம் நம்பர் அட்டையில் பதினோராவது ஓட்டை

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் கழித்து, அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் கம்பைநல்லூருக்குப் பக்கம். அப்பா நிலக்கடலையும் ராகியும் போடுவார். வார நாட்களில் தர்மபுரியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், எங்கள் ஹெட்கிளார்க் என் மேசைக்கு வந்தார். துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று ஊரில் முதன்முதலாகப் போட்டி நடத்தப் போகிறதாம். முடிவுகளை டைப் அடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு என்றார். சரி என்றேன். மறுநாள் மறுபடி வந்து நின்றார்.

"ஏம்மா, பொம்பளைங்க போட்டியில ரெண்டே பேருதான் பேர் குடுத்திருக்காங்களாம். மூணு பேராவது இல்லன்னா அந்தப் போட்டியையே எடுத்துடுவாங்களாம். உம்பேர எழுதிக்கட்டுமா?"

"எனக்குத் துப்பாக்கிய எப்படிப் புடிக்கிறதுன்னே தெரியாதுங்க சார்."

"தெரியவே வேணாம். படுத்துக்கிட்டுப் பத்துக் குண்டு சுட்டுட்டு எந்திரிச்சு வந்துடு. கணக்குக்கு மூணாவது ஆளு, அவ்வளவுதான்."

அவர் நல்ல மனிதர், தப்பாக ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'கணக்குக்கு' எனக்குச் சுருக்கென்றது. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

பெயர் கொடுத்த பிறகுதான் 'படுத்துக்கிட்டு' என்று அவர் சொன்னது உறைத்தது. ஆண்கள் நிறைந்த மைதானத்தில், சேலை கட்டிய பெண் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்து வந்தாள். "இதப் போட்டுக்கிட்டு நானு நாளெல்லாங் குனிஞ்சு களை வெட்டுறேன், எவன் என்னா சொன்னான்?" என்றாள். முழங்கை உரசாமல் இருக்க இரண்டு கைகளிலும் கோணித் துண்டு வைத்துத் தைத்தும் கொடுத்தாள்.

ஊருக்கு வெளியே, கரடு ஒன்றின் அடிவாரத்தில் மண்மேடு போட்டு மைதானம் அமைத்திருந்தார்கள். ஆபீஸ் முடிந்ததும் பயிற்சிக்குப் போவேன். பெயர் கொடுத்த மற்ற இருவரில் ஒருவர் ஓர் அதிகாரியின் மனைவி. இன்னொருத்தி கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த பெண், இண்டூர்க்காரி, என்னைவிட மூன்று வயது சின்னவள். எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது அவள்தான். தான் தோற்கடிக்க வேண்டிய ஆளுக்கே சொல்லிக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் என் ஐந்து குண்டுகளும் மண்மேட்டுக்குத்தான் போயின. குறி வரைந்த அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீங்க டைப் அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க. அடிக்கக் கூடாதுங்கக்கா. கொஞ்சங் கொஞ்சமா அமுக்கணும். எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக் கூடாது."

டைப்பிஸ்டின் விரலுக்கு அது பெரிய தண்டனை. நாள் முழுக்கப் படபடவென்று தட்டிப் பழகிய விரல் அது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, முன்முனைக் குறியைக் கறுப்பு வட்டத்தின் அடியில் உட்கார வைத்து, விரலை மெல்ல மெல்ல மடக்கிக்கொண்டே போனேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நானே எதிர்பாராத ஒரு கணத்தில் துப்பாக்கி தோளில் லேசாக இடித்தது. போய்ப் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதற்கு முந்தைய சில விநாடிகள் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆபீஸின் இரைச்சல், சித்தி வீட்டுச் சந்தடி, என் கல்யாணப் பேச்சு எதுவுமே இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது போல இருந்தது. அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தேன். அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். கிட்டே வராமல், தூரத்துப் புளியமரத்தடியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நம்பர் அட்டை எனக்கு, மூன்றாம் நம்பர் கல்லூரிப் பெண்ணுக்கு. ஒன்பது குண்டு வரை எல்லாம் சரியாகவே போயிற்று. பத்தாவதற்கு முன் முழங்கையடியில் ஒரு கல் குத்தியது. உடம்பைக் கொஞ்சம் நகர்த்திப் படுத்து, மூச்சை நிறுத்தி, அமுக்கினேன். அன்றைக்கு நான் சுட்டதிலேயே அருமையான குண்டு அதுதான். தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் துப்பாக்கி மூன்றாம் நம்பரைப் பார்த்து நின்றது.

யாரும் கவனிக்கவில்லை. அட்டைகள் வரை இருபத்தைந்து கெஜம் நடக்க வேண்டும். அவ்வளவு தூரமும் ஒரே யோசனை. ஓட்டையில் பெயர் எழுதியிருக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் ஒரு குண்டு தவறிப்போயிற்று என்று எழுதிக்கொள்வார்கள். முதல் போட்டியிலேயே பக்கத்து அட்டையைச் சுட்டவள் என்ற பெயர் மட்டும் வராது.

மதிப்பெண் போட்டவர் மூன்றாம் நம்பரை முதலில் எண்ணினார்.

"பதினொரு ஓட்டை இருக்கு. ஒரு குண்டு கூடுதலா சுட்டிருக்கியேம்மா. விதிப்படி ஒசத்தி மார்க் ஒண்ணக் கழிக்கணும்."

அவள் முகம் சுண்டிவிட்டது. "இல்லீங்க சார், எண்ணித்தான் சுட்டேன். பத்துதாங்க."

"அட்டையில பதினொண்ணு இருக்கேம்மா."

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். "சார், ஒண்ணு என்னோடதுங்க. கடைசிக் குண்டு. இடம் மாறி அவங்க அட்டையில சுட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்கு அது பூஜ்யந்தாம்மா. தெரியுதில்ல?"

"தெரியுதுங்க சார்."

மார்க் கழியாமல் அவளுக்கு எண்பத்து நாலு, முதல் பரிசு. அதிகாரியின் மனைவிக்கு எழுபத்தாறு. எனக்கு ஒன்பது குண்டில் எழுபத்தொன்று. மூன்று பேரில் மூன்றாவது. கடைசிக் குண்டு என் அட்டையில் அதே இடத்தில் விழுந்திருந்தால் இரண்டாவது வந்திருப்பேன். கல்லூரிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புளியமரத்தடிக்குப் போனதும் அப்பா கேட்டார்.

"எத்தினியாவதும்மா?"

"மூணாவதுப்பா. மூணு பேருல."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தப் பக்கத்து அட்டையில நடுவுலதான பட்டுது?"

"ஆமாப்பா. கறுப்புலதான்."

"அப்பறம் என்னா? வா, காப்பி குடிக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை முடிவுப் பட்டியலை நானே டைப் அடித்தேன். என் பெயருக்கு நேரே ஒன்பது எண்களையும் கடைசியில் பூஜ்யத்தையும் அடித்தபோது வெட்கமாகவே இல்லை. ஹெட்கிளார்க் படித்துப் பார்த்துவிட்டு, "கணக்குக்குன்னு உன்னச் சேத்தேன். எழுபத்தொண்ணு எடுத்திருக்கியே" என்றார். அவரிடமே அன்று சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கேட்டேன்.

அதற்குப் பிறகு பயிற்சி தவறிய வாரம் மிகக் குறைவு. சித்தி முணுமுணுத்தாள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், துப்பாக்கி சுடுகிற பெண்ணா என்று திரும்பிப் போனார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இரண்டு வருடம் கழித்து என்னைக் கட்டியவர் ஏரியூரில் வாத்தியார். கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை மைதானத்துக்கு வந்து, நான் சுடுவதை வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்.

அந்த முதல் போட்டிக்கு அடுத்த வருடமே பெண்கள் பிரிவுக்கு எட்டுப் பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் எங்கள் ஆபீஸ் பக்கத்திலிருந்து. என் பத்துக் குண்டும் என் அட்டையில்தான் இருந்தன. எண்பத்தெட்டு எடுத்து முதலாவதாக வந்தேன். இண்டூர்க்காரிக்கு இரண்டாவது இடம். அந்த வருடமே நாங்கள் இருவரும் மாநிலப் போட்டிக்கு மெட்ராசுக்குப் பஸ் ஏறினோம். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் நாற்பது பேரோடு ஒரே வரிசையில் படுத்துச் சுட்டு, பாதிக்கு மேலே வந்தோம்.

அந்தச் சமயத்தில் கம்பைநல்லூர் சந்தையில் யாரோ அப்பாவிடம், பெண் என்ன செய்கிறாள் என்று விசாரித்தார்களாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கெவுருமெண்டு ஆபீசுல டைப்பிஸ்டுங்க. துப்பாக்கியும் சுடுவா" என்றாராம் அப்பா. அதோடு நிற்காமல், கேட்டவரை உட்கார வைத்து, மூச்சை எப்படிப் பாதியில் நிறுத்த வேண்டும் என்றும் செய்து காட்டியிருக்கிறார்.