வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மல்லன்

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியைக் கேட்க ஆளில்லாமல் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்களே, அந்த வருஷம்தான் நான் ஜப்பானுக்கு வந்தேன். தொப்பம்பட்டியில் இருக்கும் தங்கையிடம் சொல்லிக்கொண்டு திரும்பும்போது பஸ் அந்தச் சிவப்பின் மேலேயே ஏறி வந்தது. வருஷத்தின் எண் என்ன என்று கேட்டால் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இப்படி மெதுவாக எழுதவும் எழுதுவேன். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவில் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது ரயிலோ கட்டிடமோ இல்லை. கோட்டும் டையும் போட்ட பெரிய மனிதர்கள் ரயிலில் நின்றுகொண்டே படக்கதை படித்ததுதான். தலை நரைத்தவர், கையில் தோல் பை, பார்த்தால் பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பார். அவர் கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம், அதற்குள்ளே ஒருவன் வாயைப் பிளந்து கத்திக்கொண்டு பறப்பான். நம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய மனிதர் அப்படி நின்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்துக்கு மங்கா என்று பெயர். அதுவே டிவியில் ஓடினால் அனிமே.

நான் புரோட்டா மாஸ்டர். திண்டுக்கல்லில் ஒரு கடையில் இருபது வருஷம் மாவு அடித்தவன். மகள் கல்யாணம் முடிந்த கையோடு, தெரிந்தவர் மூலமாக இங்கே ஒரு இந்திய ஓட்டலில் ரொட்டி போட வந்தேன். 'ரெண்டு வருஷம், போய்ட்டு வந்துர்றேன்' என்று மனைவி லூர்துவிடம் சொல்லிவிட்டு வந்தது. இரண்டு நாலானது, நாலு ஏழானது. நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனேன். பணம் மட்டும் காரணமில்லை. வேலை கை பழகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மத்தியானக் கடை முடிகிற நேரம், எங்கள் மேட்டுப்பட்டியில் லூர்து கோயில் பூசை முடிந்து வருகிற நேரம். பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சர் வீட்டுக்குப் போன் போடுவேன்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. மழ பேஞ்சுச்சா?"

"எங்கிட்டுப் பேய?"

அதோடு முடிந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசாத பேச்சில்லை, போடாத சண்டையில்லை. ஆனால் தூரம் வந்த பிறகு பேச ஒரு பொருளும் கிடைக்கவில்லை. வைத்துவிடட்டுமா என்று யார் முதலில் கேட்பது என்பதுதான் மிச்சம். இப்படியே போனால் ஒருநாள் இவள் எனக்கு அயலாளாகிவிடுவாள் என்று பயம் வந்தது. அந்தப் பயத்தை மங்காதான் போக்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் ஓட்டலுக்கு அடுத்த கதவு ஒகாதா சான் என்பவரின் முடிவெட்டும் கடை. என் வயதுதான் அவருக்கும். காத்திருக்கிறவர்களுக்காகச் சுவரோரம் மங்காவை அடுக்கி வைத்திருப்பார். மத்தியான ஓய்வில் நான் போய் உட்கார்ந்து படம் பார்ப்பேன். எழுத்து ஒன்றும் புரியாது. படமே கதை சொல்லிவிடும், கண்ணைப் பார்த்தால் போதும், கோபமா அழுகையா என்று தெரிந்துவிடும். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷையில் பத்து வார்த்தை. "ஒமோஷிரோய்?" என்பார், நன்றாக இருக்கிறதா என்று அர்த்தம். நான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் அதுவே போதுமான பேச்சாக இருந்தது.

சமையல் கதை ஒன்று படித்தேன். அதில் எல்லோரும் முதலில் கண்ணீர் விட்டு அழுகிறார்கள், அப்புறம் சாப்பிடுகிறார்கள், அதன் பிறகு ஒருவன் வியர்க்க வியர்க்கச் சமைக்கிறான். இந்த ஊரில் சாப்பாட்டுக்கு முன்னால் கை கூப்பி நன்றி சொல்வார்கள், அதுபோல அழுவதும் ஒரு வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அவன் மாவு பிசைகிற லட்சணம் சகிக்கவில்லை. மாவை ஊறவிடாமல் அடிக்கிறான். பக்கம் பக்கமாக முழங்கையில் நெருப்புப் பறக்கிறதே தவிர ஒரு பாத்திரமாவது கழுவுகிற படம் கிடையாது. காதல் கதை ஒன்று, அது கல்யாணத்தில் ஆரம்பித்தது. போகப் போக இரண்டு பேரும் விலகி விலகி, கடைசியில் ரயிலில் தோள் இடித்து, யாரோ எவரோ மாதிரி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை லூர்துவிடம் சொன்னபோது, "நம்ம கத மாதிரியே இருக்குங்க," என்றாள். அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டேன்.

அவளைப் பிடித்து உட்காரவைத்தது சுமோ மல்லன் கதைதான். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு யானை மாதிரி மோதிக்கொள்வார்களே, அந்த மல்லன். அடுக்கில் மேலே இருந்த புத்தகத்தை எடுத்தேன். முதுகில் இருபத்திரண்டு என்று போட்டிருந்தது. அடுத்து இருபத்தொன்று, அப்புறம் இருபது. எண் ஏன் குறைகிறது என்று யோசிக்கவில்லையா என்பீர்கள். யோசித்தேன். மதுரையிலிருந்து வரும்போது மைல்கல்லில் 'திண்டுக்கல்' என்று போட்டு எண் குறைந்துகொண்டே வருமில்லையா? அப்படித்தான், இவன் எங்கேயோ போய்ச் சேருகிறான், தூரம் குறைகிறது என்று எடுத்துக்கொண்டேன். கதையும் அதற்கு ஒத்துவந்தது. முதலில் அவன் பெரிய சாம்பியன், கொண்டை போட்ட மலை. போகப் போகத் தோற்கிறான். இளைக்கிறான். கொண்டை போய் முடி குட்டையாகிறது. பிறகு மல்லர்கள் தங்கிப் பழகுகிற வீட்டில் தரை துடைக்கிறான், பெரியவர்களுக்கு முதுகு தேய்க்கிறான்.

"ஏங்க, அவனுக்குச் சோறு போடுறாகளா இல்லையா?" என்று லூர்து போனில் பதறுவாள். "போன வாரம் அம்புட்டுப் பெரிய ஆளுன்னீக. இப்ப எப்படி இருக்கான்?"

"ஒட்டிப்போயிட்டான்."

"கொலைகாரப் பாவிக. அவன் ஆத்தா இருந்தா விடுவாளா?"

டீச்சர் வீட்டில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். நான் சொல்வதை லூர்து வாங்கி அவர்களுக்குச் சொல்வாள், அவர்கள் கேட்பதை எனக்குச் சொல்வாள். மூச்சுச் சத்தம் போய், திட்டும் சிரிப்புமாக ஆனது. ஒவ்வொரு வாரமும் அவள் முதல் கேள்வி, "இப்ப எத்தனாவது நம்பரு?" என்பதுதான். எண் குறையக் குறைய அவள் குரல் இளகிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒன்றாம் எண்ணின் கடைசிப் பக்கங்களில் பெரிய படம் ஒன்று. முள்ளங்கித் தோட்டத்தின் நடுவே ஒரு வீடு, வாசல் படலோரம் அம்மா நின்று கண்ணைத் துடைக்கிறாள், எதிரே கையில் மூட்டையோடு அந்தப் பையன். வந்துவிட்டான்! அதற்கு அடுத்து வீட்டுக்குள்ளே அம்மா வட்டிலில் சோறு போட, இவன் வாய் நிறையத் தின்கிறான். நான் சந்தோஷத்தில் தொடையைத் தட்டிச் சிரித்து, படல் படத்தை ஒகாதா சானிடம் நீட்டினேன். அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அம்மா ஞாபகம் வந்துவிட்டது போல என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்படி ஒரு கல்நெஞ்சனா என்கிற பார்வை அது.

அந்த ஞாயிறு லூர்து நீளமாக மூச்சுவிட்டாள். "வந்துட்டான்ல. நல்லாயிருக்கட்டும்." அப்புறம், "நீங்க?" என்றாள்.

"அடுத்த வருஷம் பாப்போம்த்தா," என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

வருஷங்கள் இன்னும் கொஞ்சம் போயின. நம் ஊரில் சிறுவர் சேனல்கள் வந்து, இங்கத்திய அனிமேயெல்லாம் தமிழ் பேச ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு போனை எடுத்ததும் லூர்து குரலே வேறாக இருந்தது.

"ஏங்க, நம்ம மல்லன் டிவில வாரான்."

"அப்படியா! எப்படியிருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். ஆனா நீங்க சொன்னதுக்கு எல்லாமே தலகீழா இருக்கு. அவன் ஆத்தா வீட்லருந்து கெளம்பித்தான் போறான். படல்ல அவ அழுகுறது இவன் வந்ததுக்கு இல்ல, போறதுக்கு. தெனமும் பாக்குறேன், கொழுத்துக்கிட்டே போறான், தூரத்துக்குப் போய்க்கிட்டே இருக்கான். எனக்கு ஆறுதலுக்குன்னு கதைய மாத்திச் சொன்னீகளா?"

"சத்தியமா இல்ல லூர்து."

"அவன் வாரான் வாரான்னு நான் நம்பரு எண்ணிக்கிட்டு இருந்தேன். அவனும் வரல. நீங்களும் வரப்போறதில்ல. அதானே?"

ஒகாதா சான் கடைக்கு ஓடி, ஒன்றாம் எண் புத்தகத்தை எடுத்தேன். நான் எப்போதும் பார்க்கிற மாதிரியே அவருக்குப் புரட்டிக் காட்டினேன். அவர் வாய் பிளந்து பார்த்தார். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி, மறுபக்கத்திலிருந்து திறந்தார். அங்கேதான் ஆரம்பமாம். இந்த ஊரில் மங்காவை வலது பக்கமிருந்து தொடங்கி இடது பக்கமாகப் போக வேண்டுமாம். வாடிக்கையாளரை அரைத் தலையோடு விட்டுவிட்டு அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அப்புறம் படல் படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், நின்று, எனக்கு நேராகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். கல்நெஞ்சன் என்று நினைத்ததற்கு மன்னிப்பு.

அடுத்த வாரம் போனை டீச்சர்தான் எடுத்தார். "அண்ணே, அவங்க டிவி பாக்குறாங்களாம். வாரம் முழுக்கப் போட்டதை ஞாயித்துக்கெழம மறுக்காப் போடுறான். வரமாட்டாங்களாம்."

அதற்கடுத்த வாரமும் அதுவே பதில். பேச்சில்லாமல் மூச்சுச் சத்தம் கேட்ட காலம்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மேட்டுப்பட்டி வீட்டு வாசலில் நான் பெட்டியோடு நிற்கிறேன். உள்ளே டிவியில் மல்லர்கள் மோதுகிறார்கள். லூர்து திரும்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. முடி பாதி வெளுத்திருந்தது.

"உக்காருங்க. வெளம்பரத்துல பேசுவோம்."

உட்கார்ந்தேன். தமிழில் மல்லன் மெட்ராஸ்காரன் மாதிரி பேசினான், முள்ளங்கித் தோட்டத்து ஆத்தாள் "கண்ணா" என்று கூப்பிட்டாள். எந்த ஆத்தா மகனைக் கண்ணா என்பாள், "ஏலே" என்றல்லவா கூப்பிட வேண்டும் என்று நான் முனகினேன். "அதத்தான் நானும் மொத நாள்லருந்து சொல்றேன்," என்றாள் சட்டென்று. அவ்வளவுதான், விளம்பரம் வந்தும் நாங்கள் நிறுத்தவில்லை. நான் புத்தகம் திறக்கிற விஷயத்தைச் சொல்லி, தலையணை உறையைப் புத்தகம் மாதிரி மடித்துப் புரட்டிக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"கூறுகெட்ட மனுசன்! அம்புட்டு வருசமும் வால்லருந்து வாசிச்சிருக்காரு டீச்சர்!"

ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "இப்ப வந்துட்டீக. மறுபடி போவீகளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கை அந்த அடுப்புக்குப் பழகிப்போச்சு. ஆனா நீ சொன்னா இருந்துர்றேன்."

அவள் வெஞ்சனத்தை இன்னும் கொஞ்சம் வைத்தாள். "நானும் வாரேன். நீங்க பாத்துச் சொல்ற கதைய இனிமே நம்ப முடியாது."

வந்தாள். ஒகாதா சான் கடைக்கு இப்போது நாங்கள் இரண்டு பேராகப் போகிறோம். அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. எல்லாவற்றையும் சரியான பக்கத்திலிருந்து திரும்பவும் பார்த்தோம். காதல் கதை உண்மையில் ரயிலில் இடித்து ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிகிறது, லூர்துவுக்கு அது பிடித்துப்போனது. எனக்கு நடுவில் சலிப்புத் தட்டியது. 'பிடித்திருக்கிறது' என்கிற ஒரு வார்த்தைக்கு எட்டுப் புத்தகம், ஓயாமல் பூ வேறு உதிர்கிறது, பெருக்குவது யார்? இரும்பு மனிதர் கதைகள் இருவருக்குமே ஆகாது. நகரத்தையே மிதித்து நாசமாக்கிவிட்டு உலகத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறான். பேஸ்பால் கதையில் ஒருவன் பந்தை எறிவதற்கு முன்னால் ஒரு புத்தகம் முழுக்க யோசித்தான். அதற்குள் நான் நூறு புரோட்டா போட்டிருப்பேன். மல்லன் கதைக்கு ஈடு இதுவரை பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டோம்.

இருபத்திரண்டுக்குப் பிறகும் புத்தகம் புத்தகமாக வந்துகொண்டிருந்த அந்தக் கதை சென்ற மாதம் முடிந்துவிட்டது. கொண்டையை அறுத்துவிட்டு மல்லன் ஓய்வு பெறுகிறான். கடைசிப் பக்கத்தில் ஒரே படம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் ஏறுகிறான், உள்ளே தரையில் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைத்திருக்கிறது. எழுத்து ஒன்றுமில்லை. ஜன்னலில் பூசணிக்கொடி தெரிகிறது, அதனால் அது தோட்டத்து நடுவில் இருக்கும் ஆத்தாளின் வீடுதான் என்கிறாள் லூர்து. கொடிக்குப் பின்னால் ரயில் கம்பி ஓடுகிறது, அதனால் பட்டணத்தில் அவன் வாடகைக்கு இருந்த அறைதான், ஆத்தாள் அங்கே வந்துவிட்டாள் என்கிறேன் நான். ஒகாதா சானைக் கேட்டோம். அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். ஒரு நாள் நான் பூசணி பக்கம் சாய்வேன், அவள் ரயில் கம்பி பக்கம் போய்விடுவாள். அப்புறம் மறுபடி மாறிக்கொள்வோம்.

மேட்டுப்பட்டியில் டீச்சரும் அந்தப் பெண்களும் மல்லன் என்ன ஆனான் என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், டிவியில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது திண்டுக்கல் பக்கம் போனால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான், சாப்பிட உட்காரப் போகிறான். எந்த ஊர் வீடு என்று கேட்டால், லூர்து வீட்டில் இன்னும் அது முடிவாகவில்லை என்று சொல்லுங்கள்.