என் பெறாமகன் மந்திரி இல்லை

என் தங்கையின் மகன் நோர்வேயில் வழக்கறிஞர். ஒரு சின்னக் கடலோர ஊரின் நகரசபையில் உறுப்பினராகவும் இருக்கிறான். அவ்வளவுதான். நோர்வேயிலிருந்து வெகுதூரத்தில், நான் இருக்கும் டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டடத்து முதியோர் சங்கம் அவனை மந்திரியாக்கி இரண்டு வருடமாகிறது.

என்னைப் பார்க்க வந்தவனைப் பிடித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கத் தலைவர் ஒலிவாங்கியில், "நோர்வே மந்திரி" என்றார்.

அவன் எழும்பி, "நான் மந்திரி இல்லை, கவுன்சிலர். வீதியில பனி அள்ளுறதைப் பற்றித்தான் நாங்கள் கூடுதலாப் பேசுறது" என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள். "என்ன பணிவு, பாத்தியளே" என்றார் தலைவர்.

அவனுடைய தாய் அந்த ஊர்த் தொழிற்சாலையில் மீன் வெட்டி அவனைப் படிப்பித்தாள். ஒஸ்லோவில் சட்டம் முடித்தவன், பெரிய வழக்கறிஞர் கந்தோர் வேலையை விட்டுவிட்டு அதே ஊருக்குத் திரும்பி மீன்பிடிக்காரரின் வழக்குகளைப் பார்க்கிறான். அதைக் கேட்க இங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

போன மாதம் ஏழாம் மாடிக்காரி லிஃப்டில் என் கையைப் பிடித்தாள். அவள் மகனின் அகதி விண்ணப்பத்தை நோர்வேயில் நிராகரித்துவிட்டார்களாம்.

"அக்கா, உங்கட மந்திரியிட்ட ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

மறுக்கத்தான் நினைத்தேன். "ஓம், சொல்லுறன்" என்று வந்துவிட்டது.

பெறாமகனுக்குப் போனில் சொல்லவே வெட்கப்பட்டு ஒரு கிழமை கடத்தினேன். சொன்னதும் பெருமூச்சு விட்டான்.

"பெரியம்மா, எனக்கு அதில ஒரு அதிகாரமும் இல்லை. அகதி வழக்குப் பாக்கிற ஒரு லோயரின்ர நம்பர் தாறன். அப்பீல் போட்டாச்சோ? தவணை முடியப்போகுதெல்லே."

ஏழாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டேன். போடவில்லை. மந்திரி பார்த்துக்கொள்வார், பேசாமல் இரு என்று அவள்தான் மகனுக்குச் சொல்லியிருந்தாள்.

"பிள்ளை, அவன் மந்திரி இல்லை. ஒருநாளும் இருந்ததுமில்லை. இந்த நம்பருக்கு மகனை இப்பவே கோல் எடுக்கச் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். "இதை அண்டைக்கு லிஃப்டிலயே சொல்லியிருக்கலாமே அக்கா."

சொல்லியிருக்கலாம். அவள் மகனோடு பேசி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

தவணைக்குள் மனு போய்ச் சேர்ந்தது. முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட மந்திரி ஒரு சொல்லுச் சொன்னவர், மனுவை எடுத்திட்டாங்கள்" என்றார்.

எழும்பினேன். "இல்லை" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். இன்னொரு தரம் சொன்னேன்.