பேய்க்குச் சோறு கொண்டுபோன கம்பவுண்டர்

திருச்சுழி கம்பவுண்டர் குருசாமி அண்ணாச்சி காலமான செய்தியை அவருடைய மைத்துனர் அருப்புக்கோட்டையில் என் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். மூன்றாம் வகுப்பில் வாய்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "மச்சான் போயிட்டாக வாத்தியாரே. நேத்து மத்தியானம் தூக்குச்சட்டியோட கிளம்புனவுக, ஓடைக்கரையில உக்காந்தபடியே போயிட்டாக," என்றார். போகத் திரும்பியவர் மறுபடியும் நின்று, "எங்க அக்கா உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லுச்சு. எழவுக்கு மட்டும் இல்லையாம்," என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணாச்சியைப் பற்றி எழுதித் தரும்படி திருச்சுழி வாசகசாலை நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரை நல்லவர் என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்லவர் என்னை ஆறு வருஷம் ஏமாற்றினார். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் எழுத எனக்குத் தெரியாது. வெறும் புகழ்ச்சி வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் அவரை முதலில் பார்த்தது யுத்தம் தொடங்கிய மறு வருஷம். திருச்சுழிக்குத் தெற்கே, பொட்டலில் தனியாக நிற்கும் பழைய பங்களாவில் அப்போது பைத்தியக்கார ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. வெளியூர் டாக்டர் ஒருவர் நடத்தினார். அண்ணாச்சி அங்கே கம்பவுண்டர். என் அக்கா ரங்கம்மாவைக் கொண்டுபோய் விட்டது நான்தான். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அக்காவின் ஒரே குழந்தை அம்மை கண்டு இறந்தது. அதற்குப் பிறகு புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஒரு நாள் காலையில், எதிர்வீட்டுக்காரர் தறியில் ஏற்றவேண்டிய நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா அரிவாள்மணையை எடுத்துப்போய்க் குறுக்கே அறுத்துவிட்டாள். உள்ளே குழந்தை சிக்கிக்கொண்டிருக்கிறது என்றாள். பாவை அறுப்பது எங்கள் தெருவில் அடுப்பை அணைப்பதற்குச் சமம். ஒரு தடவை என்றால் பொறுத்திருப்பார்கள். மூன்று தடவை அறுத்தாள்.

அந்த ஆஸ்பத்திரிக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை விட்டுவிட்டுப் போகிறவர்கள், சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களைப் போல, அங்கேயே தலை முழுகி ஈரத் துணியோடு திரும்பிப் பார்க்காமல் போவார்கள். யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. பங்காளிகள் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிணற்றடிக்குப் போனேன். வாளி இல்லை. அண்ணாச்சி அதை மருந்து அறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முழுகாமப் போங்க வாத்தியாரே. முழுகாமப் போனவுகதான் என்னைக்காவது திரும்பி வாராக," என்றார். நான் மறுபடியும் வாளியைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். நான் முழுகும்போது ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவளைப் பார்க்கப் போனேன். உள்ளே விடமாட்டார்கள், கம்பிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள். வளையத்துக்கு ஒரு சங்கிலி. சங்கிலிக்கு ஒரு கால். அடங்காதவர்களைக் கிணற்றடியில் உட்காரவைத்து, பல் கிட்டிப்போகும் வரை பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் சிகிச்சை. "சங்கிலி எதற்கு அண்ணாச்சி, இந்தப் பொட்டலில் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்?" என்று கேட்டேன். "எங்கயாவது ஓடிருவாகன்னு இல்ல வாத்தியாரே. உங்க வீட்டுக்கு வந்துருவாகன்னுதான்," என்றார். மனுஷன் நாக்கில் எப்போதும் இப்படி ஒரு முள் இருக்கும். நீங்களும் குத்துப்பட்டிருப்பீர்கள்.

யுத்தம் முற்றி அரிசி கிடைக்காமல் போன வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்குக் கேடுகாலம் வந்தது. கூழ் ஒரு வேளையாகச் சுருங்கியது. பனைமரங்களுக்கு அப்பால் புதுக் குழிகள் கூடின. கடைசியில் டாக்டர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுப் போய்விட்டார். மூடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கார்டு வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கார்டு வந்த பத்தாம் நாள் அண்ணாச்சியே, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய யுத்தகாலக் கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் புழுதி. அம்மா தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ரங்கம்மா காய்ச்சல்ல போயிருச்சு தாயி. அங்கனயே அடக்கம் பண்ணியாச்சு. மத்தவுகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில ஏத்தி அனுப்பியாச்சு," என்றார். அம்மா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவர் எங்கள் இருவரையும், மருந்து கொடுத்துவிட்டு அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதைப் பரிவு என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தோம். அவர் மட்டும் வந்தார். பந்தியில் உட்காரவில்லை. "வயிறு சரியில்ல. ஒரு இலையில கட்டிக் கொடுங்க, கொண்டு போறேன்," என்றார். அம்மா வடையும் அப்பளமும் கூடுதலாக வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அதிரசம் அக்காவுக்குப் பிடிக்கும் என்று சொல்லி அதிலும் இரண்டு வைத்தாள். அவர் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் திருச்சுழியில் சிறியதாக மருந்துக் கடை வைத்ததும், வாரம் ஒரு தடவை சரக்கு வாங்க அருப்புக்கோட்டைக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தலைகாட்டுவார். "புட்டிக்கு மூடி கட்டணும், கழிவு நூல் இருந்தாக் குடு தாயி," என்று அம்மாவிடம் கேட்பார். நூலுக்குப் பஞ்சமான காலம். ஆனாலும் அம்மா அவருக்கென்று தறியடியில் கூட்டிச் சேர்த்து வைத்திருப்பாள். மகளைக் கடைசியாகப் பார்த்த மனுஷன் என்று அவர்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். அக்காவைப் பற்றி ஒவ்வொரு தடவையும் ஏதாவது கேட்பாள், அவரும் ஏதாவது சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தாள். மகள் செத்துவிட்டாள் என்று நம்பியபடியே இறந்தாள். அண்ணாச்சியின் மேல் எனக்குள்ள எல்லாக் கோபத்தையும் ஒருநாள் விட்டுவிடுவேன். இதை விடமாட்டேன்.

அந்தப் பங்களாவில் பேய் நடமாடுகிறது என்ற பேச்சும் அந்த வருஷங்களில்தான் கிளம்பியது. ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள், பனையேறிகள் சொன்னார்கள். உச்சிப் பொழுதில் ஒரு பெண்பேய் வந்து உடைமுள் மரத்துக்கு மரம் நூல் கட்டுகிறது, நூலைத் தாண்டினவனுக்குக் கால் விளங்காது என்றார்கள். அண்ணாச்சியோ தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு அந்தப் பக்கம்தான் நடந்து போவார். கடைவீதியில், "என்ன கம்பவுண்டரே, பேய்க்குச் சோறா?" என்று கேலி செய்வார்கள். "ஆமாய்யா, பேய்க்குத்தான். உங்க வீட்டுப் பேய்க்கும் சேத்துத்தான் கொண்டு போறேன்," என்பார். எல்லோரும் சிரிப்போம். திருச்சுழிக்குப் போயிருந்த நாட்களில் அந்தக் கூட்டத்தில் நின்று நானும் சிரித்திருக்கிறேன். அதுமட்டுமல்ல, மழையால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முடியாத ஒரு மாலையில் என் வகுப்பில் அந்த நூல் கட்டும் பேயின் கதையை நானே நடித்துக் காட்டினேன். நெசவுக்காரன் மகன் நான். மரத்துக்கு மரம் நூலை நீட்டுவது பாவு ஓடும் வேலை என்று எனக்குத் தெரியாதா?

இனி எழவு வீட்டுக்கு வருகிறேன். எடுத்துப் போய்த் தகனம் முடித்துத் திரும்பினோம். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பார்த்ததும் அவள் அழுகையை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நேத்து மத்தியானத்துல இருந்து அந்தப் புள்ள பட்டினி கெடக்குது. கொண்டு போங்க," என்றாள்.

"எந்தப் பிள்ளை மதினி?"

"உங்க அக்கா."

மதினி குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "லாரியில ஏத்துனவுகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் கொண்டு போகல. பந்தல்குடி தாண்டி ரோட்டோரத்துல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான் லாரிக்காரப் பாவி. சிலபேரு எங்க போனாகளோ, தெரியல. மூணு பேரு நடந்தே திரும்பி வந்துட்டாக. அவுகளுக்குத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதானே! ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாக. உங்க அக்கா மட்டும்தான் இருக்கு."

"ஏன் மறைத்தார்?" என்று கத்தினேன். எழவு வீடு என்றும் பார்க்கவில்லை. "செத்துவிட்டாள் என்று என் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து சொன்னாரே! ஏன்?"

மதினி முந்தானையில் முடிந்திருந்த ஒரு தபால் கார்டை அவிழ்த்துக் கொடுத்தாள். என் கையெழுத்து. முன்பு ஒரு கார்டு வந்தது என்றேனே, அது அண்ணாச்சி போட்டது. ஆஸ்பத்திரியை மூடுகிறார்கள், உடனே வந்து அழைத்துப் போகவும் என்று எழுதியிருந்தார். அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பைத்தியம் இருப்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது. முழுகின பிறகு வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று பங்காளிகளும் சொன்னார்கள். கார்டு வந்ததை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. பதில் மட்டும் எழுதினேன்: "அவளுக்கு நாங்கள் தலை முழுகியாகிவிட்டது. இனி அங்கேயே பார்த்துக்கொள்ளவும்." குண்டு குண்டான, பிழையில்லாத வாத்தியார் எழுத்து.

"அக்கா செத்துருச்சுன்னு சொன்னாலாச்சும் அந்த வாத்தி அழுறானான்னு பாக்குறேன்னுதான் வந்தாக," என்றாள் மதினி. "நீங்க அழுதீகளாம். உண்மையைச் சொல்லிரலாமான்னு பதினாறாம் நாளுக்கு மறுபடியும் வந்தாக. நீங்க பந்தி விசாரிக்கிற மும்முரத்துல இருந்தீகளாம். பேசாம இலையை வாங்கிட்டு வந்து அது கையிலயே குடுத்தாக. அதிரசத்தை மொதல்ல தின்னுச்சாம்."

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். மத்தியானம் தாண்டியும் வெயில் தாழவில்லை. பங்களாவின் கூரை பாதி விழுந்திருந்தது. முன்னால் உடைமரங்களுக்கிடையே, முழங்கால் உயரத்தில், எண்ணி எடுத்ததுபோல் ஒழுங்காக நூல் ஓடியிருந்தது. துண்டு துண்டாக முடிச்சுப் போட்ட நூல். எங்கள் வீட்டு நூல். அம்மா கூட்டிச் சேர்த்துக் கொடுத்த நூல். அதை ஓர் இடத்தில்கூட அவள் அறுத்திருக்கவில்லை. அதற்கு அந்தப் பக்கம், முடியெல்லாம் நரைத்து, அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். பங்காளிகள் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. என் மனைவி இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். அதெல்லாம் நடக்கும். அண்ணாச்சியிடம்தான் எனக்குக் கணக்குத் தீரவில்லை. நான் எழுதியது ஒரு கார்டு. அதற்கு ஆறு வருஷமா தண்டனை? என்னைத் தண்டிக்கட்டும், அம்மா என்ன செய்தாள்? அவர் கை நீட்டி நூல் வாங்கும்போதெல்லாம் அவள் கையைப் பார்த்திருப்பாரே! எதிரே இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். அவரோ ஓடைக்கரையில் சௌகரியமாக உட்கார்ந்தபடி போய்விட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தூக்குச்சட்டி. அதில் கொண்டுவந்தால்தான் அக்கா சாப்பிடுகிறாள். அதனால் மத்தியானம் பள்ளி விட்டதும் கொல்லை வழியாகப் போய்ச் சோற்றை வாங்கிக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வருகிறேன். அவள் என்னைக் கம்பவுண்டர் என்கிறாள். வீட்டாரோடு பேசும் தெலுங்கில் அல்ல, வெளியாரோடு பேசும் தமிழில் பேசுகிறாள். "கம்பவுண்டரே, என் தம்பி வந்தானா?" என்று தினமும் கேட்கிறாள். ஆறு வருஷமாக அவரிடம் கேட்ட கேள்வியாம். முதல் நாள் நான் தெலுங்கில், நான்தான் அக்கா உன் தம்பி என்றேன். பயந்துபோய்த் தட்டைத் தள்ளிவிட்டாள். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவர் என்ன பதில் சொல்வார் என்று மதினியிடம் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கினேன். என்னிடம் அவர் சொன்ன பொய்யை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளிடம் சொன்ன பொய்யை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்து, அவர் சொன்னபடியே சொல்கிறேன்: "பாவு ஓடிக்கிட்டு இருக்கான் தாயி. முடிஞ்சதும் வந்துருவான். நீ சாப்பிடு."